எடின்பர்க்குக்கு எட்டரை லட்சம்: ஒரு சோலோ ஷோவுக்கு யாரிடம், எப்படிக் கேட்பது?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்தவற்றை நீக்கி, வாசிக்க வசதியாகச் சுருக்கியிருக்கிறோம்.)

இந்த வாரம் நாடகத்தைப் பத்திப் பேசப்போறதில்லை, நாடகத்துக்கான பணத்தைப் பத்திப் பேசப்போறோம்.

ஓராள் நாடகம் பத்தின எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியை வேற வேற வார்த்தைகள்ல அனுப்பியிருந்தீங்க. "ஒரு சோலோ ஷோ கையில இருக்கு. இங்க பத்துப் பதினஞ்சு தடவை போட்டாச்சு. எடின்பர்க் ஃபிரிஞ்ச் ஃபெஸ்டிவலுக்குக் கொண்டு போகணும். பணத்துக்கு என்ன வழி?"

என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். கடன் வாங்கிப் போகாதீங்க. எவ்வளவு பணம் திரட்ட முடியுமோ, அந்த அளவுக்குப் பயணத்தை வெட்டிக்குங்க. காசு கொடுக்கிறவங்ககிட்ட மூணு விஷயத்தை மறைக்காம சொல்லுங்க: மொத்தம் எவ்வளவு, எதுக்காக, இது நடக்கலைன்னா அவங்க பணம் என்ன ஆகும். முதல் ரெண்டையும் எல்லாரும் சொல்றாங்க. மூணாவதைச் சொல்றவங்க குறைவு. நம்பிக்கை உடையறதும் பெரும்பாலும் அங்கதான்.

யாரும் கூப்பிடல, யாரும் தடுக்கவும் இல்ல

இந்த விழாவோட அமைப்பைப் புரிஞ்சுக்கிட்டாத்தான் பணக் கணக்கு புரியும். 1947-ல் எடின்பர்க் சர்வதேச விழா தொடங்கியது. அது அழைப்பின் பேரில் நடக்கிற விழா. அந்த முதல் வருஷமே எட்டு நாடகக் குழுக்கள் அழைப்பில்லாமல் வந்து, ஊரில் கிடைத்த இடங்களில் நாடகம் போட்டார்கள். ஓரத்தில் தொடங்கிய அந்தச் சங்கதிதான் ஃபிரிஞ்ச். 1958-ல் அதற்கென்று ஒரு சங்கம் வந்தது. ஆனா இன்னிக்கும் எந்த நாடகம் வரலாம், எது வரக்கூடாதுன்னு தேர்வு செய்ய அங்க யாரும் கிடையாது. ஆகஸ்ட் மாசம் மூணு வாரத்துக்கும் மேல நடக்கும். 2024-ல் மட்டும் 3,700-க்கும் அதிகமான ஷோக்கள்.

தேர்வுக் குழு இல்லைங்கிறது கேட்க அழகா இருக்கு. அதுக்கு இன்னொரு பக்கம் இருக்கு. உங்களை யாரும் கூப்பிடல. அதனால விமான டிக்கெட், தங்குமிடம், சம்பளம் எதையும் யாரும் தரமாட்டாங்க. பதிவுக் கட்டணம் நீங்க கட்டணும். இடத்துக்கு நீங்க கட்டணும். போஸ்டர் நீங்க ஒட்டணும். வாசல் திறந்துதான் இருக்கு, ஆனா உள்ளே போக ஆகிற செலவு முழுக்க உங்களோடது.

இன்னொன்னும் கவனிங்க. அங்க வர்ற சில நாட்டுக் கலைஞர்களுக்குப் பின்னாடி அவங்க அரசாங்கம் நிக்குது. தைவான் கலாச்சார அமைச்சகத்தின் ஆதரவோடு 'தைவான் சீசன்' என்று ஒரு அணிவகுப்பே வருகிறது. பிரிட்டனிலேயே இருக்கிற கலைஞர்களுக்காக 'கீப் இட் ஃபிரிஞ்ச்' என்று ஒரு நிதி வந்தது. பிரிட்டிஷ் அரசு கொடுத்த 10 லட்சம் பவுண்டிலிருந்து 2024, 2025 இரண்டு வருஷமும் தலா 180 பேருக்கு ஆளுக்கு 2,500 பவுண்டு கொடுத்தார்கள். அந்த ஊர்க்காரங்களுக்கே உதவி தேவைப்படுது. இங்கேருந்து தனியா பதிவு பண்ணிப் போறவருக்குப் பின்னாடி அவரோட நண்பர்கள்தான் நிப்பாங்க.

பேப்பரை எடுங்க, கணக்கு போடுவோம்

இப்ப சொல்றது மாதிரிக் கணக்கு. விலைகள் வருஷத்துக்கு வருஷம் மாறும். கணக்கு போடற முறையைப் பாருங்க.

நீங்க ஒருத்தர், லைட் - சவுண்ட் பார்க்க ஒருத்தர், ஆக ரெண்டு பேர். 50 பேர் உட்காரும் இடம். 12 ஷோ. ஒரு பவுண்டுக்கு 115 ரூபாய்.

விமானம் ஆளுக்கு 90,000 என்றால் 1,80,000 ரூபாய். மற்றவை பவுண்டில்: விசா தலா 127 வீதம் 254. தங்குமிடம் 16 இரவுக்கு 1,800. ஃபிரிஞ்ச் பதிவு 400. இடத்துக்கான உத்தரவாதத் தொகை 1,500. இன்ஷூரன்ஸ் 100. போஸ்டர், நோட்டீஸ் 400. சாப்பாடு, பஸ் எல்லாம் சேர்த்து 800. கூட்டினா 5,254 பவுண்டு, அதாவது சுமார் 6,04,000 ரூபாய். விமானத்தைச் சேர்த்தா 7,84,000. எதிர்பாராத செலவுக்குப் பத்து சதவீதம் வைங்க. மொத்தம் ஏறக்குறைய 8,62,000.

இப்ப வருமானம். டிக்கெட் 10 பவுண்டு. தினமும் 18 பேர் வர்றாங்கன்னு வைங்க. ஃபிரிஞ்சில் பேர் தெரியாத ஒரு ஷோவுக்கு 18 பேர் மோசமில்லை. 12 நாளில் 2,160 பவுண்டு. இடம் கொடுக்கிறவங்க பல பேர் வசூலில் 40 சதவீதம், அல்லது உத்தரவாதத் தொகை, இதில் எது அதிகமோ அதை எடுத்துப்பாங்க. 2,160-ல் 40 சதவீதம் 864. உத்தரவாதம் 1,500. ஆகவே அவங்களுக்கு 1,500. அதை நீங்க முன்னாடியே கட்டியிருந்தா 2,160-ம் உங்க கைக்கு வரும். ரூபாயில் 2,48,000. கமிஷன், வரி தனி. அதுவும் விழா முடிஞ்சு சில வாரம் கழிச்சுத்தான் வரும். பள்ளம் 6,14,000 ரூபாய்.

சரி, தினமும் ஹவுஸ்ஃபுல்னு வைங்க. 12 நாளும் 50 பேர். வசூல் 6,000 பவுண்டு. இடத்துக்கு 40 சதவீதம் போக உங்களுக்கு 3,600, அதாவது 4,14,000 ரூபாய். இடத்துக்கான தொகையையும் அந்தப் பத்து சதவீதத்தையும் விட்டுட்டாக்கூட உங்க செலவு 6,11,000. ஒரு சீட்டுகூடக் காலியில்லாம ஓடியும் ரெண்டு லட்சம் நஷ்டம்.

இதைச் சொல்லி உங்களைப் பயமுறுத்தணும்னு இல்ல. "அங்க வசூலாகும், அதை வெச்சுத் திருப்பித் தர்றேன்"னு சொல்லி யார்கிட்டயும் பணம் வாங்கக்கூடாதுன்னு காட்டத்தான். இந்தக் கணக்கில் அந்த வாக்கை உங்களால் காப்பாத்த முடியாது. கிரெடிட் கார்டுக்கும் அதே கதைதான்.

ஃப்ளீபேக் கதையை எப்படிக் கேட்கணும்

இந்தப் பேச்சு வந்தா உடனே ஒருத்தர் ஃபீபி வாலர்-பிரிட்ஜ் பேரைச் சொல்லுவார். உண்மைதான். ஃப்ளீபேக் முதலில் ஒரு பத்து நிமிஷத் துண்டாக இருந்தது. கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டி 2013-ல் எடின்பர்க்கில் சோலோ ஷோவாகப் போட்டார்கள். 'தி ஸ்காட்ஸ்மன்' பத்திரிகை தரும் ஃபிரிஞ்ச் ஃபர்ஸ்ட் விருது கிடைத்தது. 2016-ல் டிவி தொடரானது. 2019-ல் எம்மி விருதுகள். ரிச்சர்ட் காட் 2019-ல் அங்க தனியா நின்னு நடிச்ச 'பேபி ரெயின்டியர்' பின்னாடி நெட்ஃபிளிக்ஸ் தொடரானதும் உங்களுக்குத் தெரியும்.

ஆனா ஃப்ளீபேக் வந்த 2013-ல் அங்கே 2,800-க்கும் மேற்பட்ட ஷோக்கள் ஓடின. மத்த ஷோக்கள்ல எத்தனை பேரை உங்களுக்குப் பேர் சொல்லத் தெரியும்? பணம் கேட்கிற கடிதத்தில் ஃப்ளீபேக்கை இழுக்காதீங்க. அது லாட்டரியில் ஜெயிச்சவரோட போட்டோவைக் காட்டி டிக்கெட் விக்கிற மாதிரி.

அதுக்குப் பதிலா, நீங்க ஏன் போறீங்கன்னு ஒரே வரியில் எழுதிப் பாருங்க. "வேற ஊர் விழா ஒருங்கிணைப்பாளர்கள் நாலு பேராவது என் ஷோவைப் பார்க்கணும்" என்பது ஒரு காரணம். "என் மொழி தெரியாத பார்வையாளர்கள் முன்னாடி இந்த ஷோ நிக்குதான்னு பார்க்கணும்" என்பது இன்னொண்ணு. முதல் காரணத்துக்கு ரெண்டு வாரமாவது அங்க இருக்கணும், அந்த ஒருங்கிணைப்பாளர்களைக் கூப்பிட ஆள் வேணும், விளம்பரத்துக்குக் காசு வேணும். ரெண்டாவதுக்கு ஆறு ஷோ போதும். எவ்வளவு பணம் வேணுங்கிறதை இந்த ஒரு வரிதான் முடிவு பண்ணும். "எடின்பர்க்ல ஆடினேன்னு சொல்லிக்கணும்" என்பதுதான் உண்மையான காரணம்னா, அதுக்கு மத்தவங்க காசைக் கேட்கறது கஷ்டம்.

சின்னக் கணக்கு

அதே பயணத்தை வெட்டிப் பார்ப்போம். நீங்க ஒருத்தர் மட்டும். எட்டு ராத்திரி, ஆறு ஷோ. லைட் மாத்தம் குறைவா இருக்கிற மாதிரி ஷோவைத் திருத்திக்கிறீங்க. எடின்பர்க்கில் பீட்டர் பக்லி ஹில் 1996-ல் தொடங்கிய 'ஃப்ரீ ஃபிரிஞ்ச்' இருக்கிறது. பெரும்பாலும் பப்களின் பின் அறைகளில் நடக்கும். கலைஞரிடம் வாடகை வாங்குவதில்லை, பார்வையாளருக்கு டிக்கெட் இல்லை. முடிஞ்சதும் வாசல்ல பக்கெட்டோட நிப்பீங்க. நம்ம ஊர் மொழியில துண்டு ஏந்தறது. கேட்ட உடனே இடம் கிடைக்கும்னு இல்ல, விண்ணப்பிச்சுப் பார்க்கணும்.

விமானம் 90,000. விசா 127 பவுண்டு, தங்க 500, பதிவு 300, இன்ஷூரன்ஸ் 100, நோட்டீஸ் 150, சாப்பாடு 225. பவுண்டுச் செலவு 1,402, அதாவது 1,61,000 ரூபாய். விமானத்தையும் பத்து சதவீதத்தையும் சேர்த்தா 2,76,000. பக்கெட்டில் விழறதைக் கணக்கில் சேர்க்காதீங்க. விழுந்தா சந்தோஷம்.

தங்குமிடம் பத்தி ஒரு வார்த்தை. ஆகஸ்டில் எடின்பர்க் வாடகை எகிறிடும். ஸ்காட்லாந்தில் குறுகிய கால வாடகை வீடுகளுக்கு 2023 அக்டோபரிலிருந்து உரிமம் கட்டாயம். மாணவர் விடுதி அறைகள் கலைஞர்களுக்குக் குறைஞ்ச வாடகையில் கிடைக்குதான்னு ஃபிரிஞ்ச் சங்கத்திடம் முதலில் கேளுங்க. கொஞ்சம் வெளியே தங்கி பஸ்ஸில் வந்து போறது தப்பே இல்ல.

முதல் காசை ஷோ சம்பாதிக்கட்டும்

பணம் கேட்கப் போறதுக்கு முன்னாடி, அந்த ஷோவை இங்கேயே காசாக்குங்க. சின்ன அரங்கில் அஞ்சு ஷோ, 60 பேர், டிக்கெட் 300: மொத்தம் 90,000. வாடகை, லைட் செலவு போக 50,000 மிஞ்சும்னு வைங்க. அப்புறம் வீட்டு ஷோ. மொட்டை மாடியோ பெரிய ஹாலோ இருக்கிற நண்பர் 25 பேரைக் கூப்பிடறார், ஆளுக்கு 500. அப்படிப் பத்து வீடு போனா, பாய், டீ, ஆட்டோ செலவு போக 1,10,000. காலேஜ்ல ரெண்டு ஷோவும் பட்டறையும், தலா 25,000. எல்லாம் சேர்த்து 2,10,000.

இதில் காசைவிடப் பெரிய லாபம் ரெண்டு. ஒண்ணு, பதினேழு தடவை வேற வேற ஆட்கள் முன்னாடி ஆடின ஷோவோட போறீங்க. ரெண்டு, வந்து பார்த்தவங்ககிட்டதான் அடுத்த கட்டமா பணம் கேட்கப் போறீங்க. பார்க்காத நாடகத்துக்கு ஒருத்தர் கொடுக்கிறது உங்க முகத்துக்காக. பார்த்தவர் கொடுக்கிறது நாடகத்துக்காக.

இப்ப அந்த ரெண்டு கணக்கையும் பக்கத்துல வைங்க. சின்னத் திட்டத்துக்கு மிச்சம் தேவை 66,000. ஒருத்தர் சராசரியா 2,000 கொடுத்தா 33 பேர் வேணும். மூணு பேரைக் கேட்டா ஒருத்தர் கொடுப்பார்னா நீங்க 100 பேரைக் கேட்கணும். பெரிய திட்டத்துக்கு மிச்சம் 6,52,000. 326 பேர் கொடுக்கணும், கிட்டத்தட்ட 1,000 பேரைக் கேட்கணும். உங்க போனில் இருக்கிற பேர்களில், கூச்சப்படாம ஃபோன் பண்ணக்கூடிய ஆட்கள் எத்தனை பேர்? 100-ஆ, 1,000-ஆ? எந்தத் திட்டம் உங்களோடதுன்னு அந்த எண் சொல்லிடும்.

அப்பா அம்மா கொடுத்துடுவாங்கங்கிறவங்களுக்கு இந்தக் கேள்வியே வராது. எட்டு லட்சம் போனாலும் அவங்க வீட்டில் சோறு வேகும். முதல் தலைமுறையா நாடகத்துக்கு வந்தவங்களுக்கு அப்படி இல்ல. அவங்க நண்பர்களும் மாசக் கடைசியில காசு இல்லாதவங்கதான். அவங்க பெரிய திட்டத்துக்கு ஆசைப்பட்டுக் கடனில் விழுந்தா, அடுத்த மூணு வருஷம் நாடகம் போட முடியாது. சின்னத் திட்டம்னா மட்டம்னு நினைக்காதீங்க. திரும்பி வந்தும் நாடகம் போடற நிலைமையில இருக்கணும், அதுதான் முக்கியம்.

எப்படிக் கேட்பது

நம்ம ஊர்ல கேட்கிறதுக்குப் பழைய முறைகள் இருக்கு. பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாசத்துல மொய் விருந்து நடக்கும். கறிச்சோறு போட்டு மொய் வாங்கி நோட்டுல எழுதுவாங்க. லட்சக்கணக்கில் சேரும். அங்க யாருக்கும் கூச்சமே கிடையாது. ஏன்னா விதி எல்லாருக்கும் தெரியும்: இன்னிக்கு வாங்கினவர், கொடுத்தவர் வைக்கிற விருந்தில் திருப்பிச் செய்யணும். கிரவுட்ஃபண்டிங்கில் பணம் திரும்பாது. கொடுக்கிறவருக்கு விதி தெரியாது. அதனால அந்த விதியை நீங்கதான் சொல்லணும்.

வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு லிங்க்கைப் போட்டு "சப்போர்ட் பண்ணுங்க"ன்னு எழுதினா, முப்பது பேர் கைகூப்பற ஸ்டிக்கர் போடுவாங்க. பணம் வராது. ஒருத்தர் பேரைச் சொல்லி, ஒரு தொகையைச் சொல்லி, தனியா கேட்கணும். ஒரு மாதிரி சொல்றேன்:

"அண்ணா, வணக்கம். ஏப்ரல்ல நீங்க வந்து பார்த்த என் நாடகத்தை ஆகஸ்ட்ல எடின்பர்க்ல ஆறு தடவை போடப் போறேன். மொத்தச் செலவு 2,76,000. ஷோ போட்டே 2,10,000 சேர்த்துட்டேன். மிச்சம் 66,000. உங்ககிட்ட 3,000 கேக்கறேன். இது திரும்ப வராத பணம். விசா கிடைக்கலைன்னா முழுசா திருப்பிக் கொடுத்துடுவேன். வந்ததும் செப்டம்பர்ல உங்களுக்காக ஒரு ஷோ, கணக்கும் காட்டறேன். முடியலைன்னா ஒண்ணும் தப்பில்ல அண்ணா, முடியாதுன்னு சொல்லிடுங்க."

கடைசி வரியை விட்டுடாதீங்க. முடியாதுன்னு சொல்ல வழி விட்டாத்தான் அந்த உறவு அப்படியே இருக்கும்.

பரிசுப் பொருள் பத்தி. 500 ரூபாய் கொடுத்தவருக்கு டி-ஷர்ட் தர்றேன்னு ஆரம்பிச்சா, 300 துணிக்கும் 80 கூரியருக்கும் போயிடும். கையால எழுதின ஒரு போஸ்ட்கார்டு போதும். தெருக்கூத்தில் ஆட்டத்துக்கு நடுவில் அன்பளிப்பு கொடுத்தவர் பேரைச் சொல்வாங்க இல்லையா, அந்த மாதிரி மேடையில் பேரைச் சொல்லுங்க. அதுக்குச் செலவே இல்ல.

தளங்கள் பத்தியும் கேட்டிருந்தீங்க. இந்திய முகவரியில் கிக்ஸ்டார்ட்டரில் திட்டம் தொடங்க முடியாது. இங்கே இருக்கும் மிலாப், கெட்டோ மாதிரித் தளங்களில் பெரும்பாலும் மருத்துவச் செலவுக்குத்தான் திரட்டுகிறார்கள். ஒரு குழந்தையின் ஆபரேஷனுக்குப் பக்கத்தில் உங்க நாடகம் நிக்கணும். சின்னத் தொகைக்கு ஒரு தனி பேங்க் அக்கவுன்ட், ஒரு யுபிஐ க்யூஆர், எல்லாரும் பார்க்கக்கூடிய ஒரு கூகுள் ஷீட் போதும்.

விசா வரலைன்னா?

இதைக் கவனமா கேளுங்க. எடின்பர்க் ஃபிரிஞ்ச், பிரிட்டனின் 'பர்மிட் ஃப்ரீ ஃபெஸ்டிவல்' பட்டியலில் இருக்கிறது. அதாவது அங்கே நடிக்கப் போகிறவர் தனி வேலை விசா இல்லாமல், ஸ்டாண்டர்ட் விசிட்டர் விசாவிலேயே போய் ஆடலாம், அதற்குப் பணமும் வாங்கலாம். செலவை ஈடுகட்ட ஓட்டலில் பாத்திரம் கழுவலாம்னு நினைக்காதீங்க, அந்த விசாவில் அது கூடாது. கட்டணம் 2025 ஏப்ரலில் 115 பவுண்டிலிருந்து 127 ஆனது. கிடைக்கலைன்னா கட்டணம் திரும்பாது.

சிக்கல் தேதியில் இருக்கு. பயணத்துக்கு மூணு மாசம் முன்னாடிதான் விண்ணப்பிக்க முடியும். ஆகஸ்ட் பயணத்துக்கு மே. ஆனா விழாப் பதிவு, இடத்துக்கான முன்பணம் எல்லாம் அதுக்கு முன்னாடியே கட்டியாகணும். அதாவது, போக முடியுமான்னு தெரியறதுக்கு முன்னாடியே காசு போக ஆரம்பிச்சிடும். அந்தக் காசு யாரோடதா இருக்கணும்?

என் கருத்து: உங்களோடதா இருக்கணும். ஷோ போட்டுச் சம்பாதிச்சதிலிருந்து பதிவு, முன்பணம், விசா கட்டணம் மூணையும் கட்டுங்க. மத்தவங்க கொடுத்த பணத்தைத் தனி அக்கவுன்ட்டில் போட்டு, விசா கைக்கு வர்ற வரைக்கும் தொடாதீங்க. வழக்கமாக மூணு வாரத்தில் முடிவு வரும். விமான டிக்கெட்டை அப்புறம் வாங்குங்க. விலை கொஞ்சம் ஏறியிருக்கும். அந்த அஞ்சு, பத்தாயிரம்தான் நீங்க நம்பிக்கைக்குக் கட்டற இன்ஷூரன்ஸ். விசா வரலைன்னா பத்து நாளில் எல்லாருக்கும் பணம் திரும்பும். அடுத்த வருஷத்துக்கு வெச்சுக்கலாமான்னு கேட்கறதா இருந்தா, அதையும் ஒவ்வொருத்தர்கிட்டயும் தனியா கேளுங்க. நீங்களா முடிவு பண்ணாதீங்க.

ஒரு எச்சரிக்கை. விசா பார்க்கிறவங்க, அக்கவுன்ட்டில் இருக்கிற பணம் எங்கேருந்து வந்ததுன்னும் பார்ப்பாங்க. திடீர்னு வந்த லட்ச ரூபாய்க்கு விளக்கம் இல்லைன்னா சந்தேகம் வரும். யார் எவ்வளவு கொடுத்தாங்கங்கிற பட்டியல், ஷோ வசூல் விவரம், விழாவில் பங்கேற்பதற்கான கடிதம் எல்லாத்தையும் ஒரே ஃபைலில் வைங்க. நீங்க திரும்பி வருவீங்கன்னு காட்டற செப்டம்பர் ஷோவோட அரங்க ரசீதையும் அதே ஃபைலில் வைங்க.

வரி, வெளிநாட்டு அத்தை

சீக்கிரம் சொல்லிடறேன், ஆனா விட்டுடக்கூடாது. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் வாங்குகிற அன்பளிப்பு மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டியது மட்டுமல்ல, முழுத் தொகையும் வருமானக் கணக்கில் வரும். டிக்கெட், பட்டறைக் கட்டணம் என்று வாங்கினால் அது தொழில் வருமானம், செலவைக் கழிக்கலாம். அதனாலும் ஷோ போட்டுச் சேர்க்கிறது நல்லது.

வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர், நண்பர்கள் விஷயத்தில் இன்னும் கவனம். கலாச்சாரத் திட்டங்களுக்கு வெளிநாட்டுப் பங்களிப்பு வாங்குவதை எஃப்சிஆர்ஏ சட்டம் கட்டுப்படுத்துகிறது. வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமகன் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து, வங்கி வழியாக அனுப்பினால் அது அந்தக் கணக்கில் வராது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியவர், ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், வெளிநாட்டவர்தான். கனடா அத்தை எந்த பாஸ்போர்ட் வெச்சிருக்காங்கன்னு கேட்கறது சங்கடம்தான், ஆனா கேளுங்க. பணம் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு சிஏ-கிட்ட அரை மணி நேரம் உட்காருங்க. அந்தக் கட்டணத்தையும் பட்ஜெட்டில் சேருங்க.

எடின்பர்க் மட்டும்தானா?

இதுவும் நிறைய பேர் கேட்டது. இல்லவே இல்ல. ஆஸ்திரேலியாவில் அடிலெய்ட் ஃபிரிஞ்ச் 1960-லிருந்து நடக்கிறது. அதுவும் யாரும் பதிவு செய்யக்கூடிய விழாதான். கனடாவில் வேற மாதிரி. எட்மன்டன் ஃபிரிஞ்ச் 1982-ல் தொடங்கியது. அதைப் பார்த்து நாடு முழுக்க ஃபிரிஞ்ச் விழாக்கள் வந்தன. குலுக்கல் முறையில் ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பங்கேற்புக் கட்டணம் கட்டினால் இடம் கிடைக்கும், கலைஞர் வைக்கிற டிக்கெட் விலை முழுக்கக் கலைஞருக்கே. பேர் வந்தா ஒரு கோடையில் ரெண்டு மூணு ஊர் ஆடலாம். விமானம், விசா கணக்கு வேற. ஆனா அங்க 18 பேர் வந்தா, 18 பேரோட காசும் உங்களுக்கு. எடின்பர்க்குங்கிற பேரை மட்டும் பார்க்காதீங்க. நீங்க எழுதின அந்த ஒரு வரிக் காரணத்துக்கு எந்த ஊர் பொருந்துதுன்னு பாருங்க.

வந்த பிறகு

திரும்பி வந்து முப்பது நாளுக்குள்ள ரெண்டு வேலை. ஒண்ணு, கணக்கு. எவ்வளவு வந்தது, எதுக்குப் போனது, எவ்வளவு மிச்சம். ஒரே பக்கம். ஒரு நாள் மூணு பேர்தான் வந்தாங்கன்னா அதையும் எழுதுங்க. கொடுத்தவங்களுக்கு வெற்றிக் கதையைவிட நடந்த கதைதான் பிடிக்கும். ரெண்டு, அந்த ஷோ. கொடுத்தவங்க எல்லாரையும் கூப்பிட்டு ஆடிக் காட்டுங்க. அங்க போய் ஷோ மாறியிருக்கும். எங்க மாறியிருக்குன்னு அவங்க கண்டுபிடிப்பாங்க.

இந்த வாரத்துக்கு ஒரு வேலை தர்றேன். ஏன் போறேங்கிற ஒரு வரி. ரெண்டு கணக்கு, பெரிசு ஒண்ணு, சின்னது ஒண்ணு. நடக்கலைன்னா பணம் என்ன ஆகும்கிற ஒரு பத்தி. இந்த மூணையும் ஒரே பேப்பரில் எழுதி, உங்களுக்கு நல்லா தெரிஞ்ச, காசு விஷயத்தில் கறாரான ஒருத்தர்கிட்ட காட்டுங்க. அவங்க கேட்கிற முதல் கேள்வியை எங்களுக்கு அனுப்புங்க. வந்த கேள்விகளை வெச்சு இன்னொரு எபிசோட் பண்ணலாம்.